தெரிந்தால் மாறுவார்களா?
கட்சி சாரா வாக்காளர் கல்வி பற்றிய நூறாண்டு வாதம்

2003 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று, இந்திய வாக்காளருக்கு அதுவரை கைக்கு எட்டாமல் இருந்த ஓர் உரிமையை உறுதிசெய்தது. தொகுதியில் நிற்பவர் மீது என்னென்ன குற்ற வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன, அவருக்கும் குடும்பத்தாருக்கும் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன படித்திருக்கிறார் என்ற விவரங்களை வேட்பு மனுவோடு சேர்ந்த பிரமாணப் பத்திரத்தில் அறிந்துகொள்ளும் உரிமை அது. இதைப் பெற்றுத் தந்தது எந்தக் கட்சியும் இல்லை. அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999-ல் தொடங்கிய ஏ.டி.ஆர். என்னும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான் எல்லாம் ஆரம்பித்தது. 2000 நவம்பரில் அங்கு வெற்றி கிடைத்தது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கட்சிகள் அனைத்தும் கைகோத்து, தீர்ப்பைச் செல்லாக்காசாக்கும் சட்டத் திருத்தம் ஒன்றை அதே ஆண்டு கொண்டுவந்தன. மக்கள் சிவில் உரிமைக் கழகம் முதலிய அமைப்புகள் தொடுத்த வழக்கில் அந்தத் திருத்தமும் 2003-ல் விழுந்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் கணக்குப் பார்த்தால் சங்கடமான ஒரு படம் தெரிகிறது. 2004 மக்களவையில் தம்மீது குற்ற வழக்கு இருப்பதாக அறிவித்த உறுப்பினர்கள் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. ஏ.டி.ஆர். தொகுத்த கணக்குப்படி 2009-ல் அது 162 பேர், 2014-ல் 185, 2019-ல் 233, 2024-ல் 251. அதாவது 543 பேரில் 46 சதவீதம். அறிவித்த வழக்கு என்பது நிரூபணமான குற்றம் ஆகாது. மறியலில் கலந்துகொண்டதற்காகப் போட்ட வழக்கும் இந்த எண்ணிக்கையில் அடங்கும். பழைய தேர்தல்களைவிட இப்போது விவரங்களை ஒழுங்காக எழுதுகிறார்கள் என்றும் சொல்லலாம். இத்தனையும் கழித்துப் பார்த்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வாக்காளருக்குத் தெரிவித்தால் வாக்காளர் மாறுவார் என்ற நம்பிக்கையின் மீதுதான் உலகெங்கும் கட்சி சாரா குடிமக்கள் குழுக்கள் நிற்கின்றன. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா?

பழைய வேர்கள்

இக்கேள்விக்கு வயது நூறுக்கு மேல். அமெரிக்காவில் பெண்கள் வாக்குரிமை பெறவிருந்த தறுவாயில், 1920 பிப்ரவரியில் சிகாகோவில் கேரி சாப்மன் கேட் முன்னின்று பெண் வாக்காளர் கழகத்தைத் தொடங்கினார். எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை, எதிர்ப்பதுமில்லை. புதிதாக வாக்குரிமை பெறும் பெண்களுக்கு அரசியல் எப்படி நடக்கிறது என்று கற்றுத் தருவது மட்டுமே வேலை என்பது அதன் கொள்கை. கட்சி சாரா வாக்காளர் கல்வி என்று இன்று நாம் அழைக்கும் வடிவத்தின் முன்மாதிரி இதுதான் எனலாம். அதன் குறையும் அப்போதே தொடங்கிவிட்டது. கழகத்தில் பெரும்பாலும் வெள்ளையின நடுத்தர வர்க்கப் பெண்களே இருந்தார்கள். தென் மாநிலங்களில் வாக்குச்சாவடிப் பக்கமே அண்ட முடியாதிருந்த கறுப்பினப் பெண்களுக்கு அந்தக் கல்வி பெரிதாகப் போய்ச் சேரவில்லை.

அதே பத்தாண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் இந்த முயற்சியின் அடிப்படையையே அசைத்தார். எல்லாப் பொது விவகாரங்களையும் புரிந்து தீர்ப்புச் சொல்லும் குடிமகன் எங்கும் கிடையாது, அப்படி ஒருவரை உருவாக்கவும் முடியாது என்பது 1925-ல் வந்த அவருடைய நூலின் வாதம். தத்துவவாதி ஜான் டூயி 1927-ல் பதில் சொன்னார்: மக்களுக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அவர்களின் அறிவுக்குறைவு என்று கொள்ள முடியாது, உள்ளூர் அளவில் கூடிப் பேசித் தம் பொதுச் சிக்கலைத் தாமே கண்டுகொள்ளும் களம் அவர்களுக்கு இல்லை. 1957-ல் அந்தோனி டவுன்ஸ் லிப்மனின் பக்கத்துக்குப் பொருளாதாரக் கணக்கு ஒன்றைச் சேர்த்தார். கோடிக்கணக்கான வாக்குகளில் என் ஒரு வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு அற்பம். ஆகவே அரசியலைத் தேடிப் படிக்காமல் இருப்பதே எனக்கு லாபம் என்பது அக்கணக்கு. பிற்பாடு வந்த சாமுவேல் பாப்கின் போன்ற அரசியல் அறிஞர்கள் இதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். வாக்காளர் முழுதும் படிப்பதில்லை, ஆனால் கட்சி, நம்பகமான அண்டை வீட்டார், பழகிய தலைவர் என்று குறுக்கு வழிகளில் ஓரளவு சரியான முடிவுக்கு வந்துவிடுகிறார் என்றார்கள்.

பிந்திய ஆய்வுகள் எல்லாம் இந்த வாதத்தின் வாரிசுகள். லிப்மனும் டூயியும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொன்னார்கள் என்பது மட்டும் பல நேரம் மறந்துபோகிறது. தனித்தனி மனிதருக்குத் தகவல் ஊட்டினால் என்ன ஆகும் என்பது ஒன்று. மனிதர்கள் கூடும் இடம் ஒன்றை உண்டாக்கினால் என்ன ஆகும் என்பது மற்றொன்று. கட்சி சாராக் குழுக்களைப் பற்றிய மதிப்பீடுகளில் பெரும்பாலானவை முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இதுவே.

தகவலே மருந்து என்போர்

தகவல் தந்தால் போதும் என்ற நிலைப்பாட்டுக்கு வலுவான சான்றுகள் இல்லாமலில்லை. பிரேசிலில் 2003 முதல் மத்திய அரசின் தணிக்கை அமைப்பு நகராட்சிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கணக்குகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டது. தேர்தலுக்கு முன் முறைகேடு வெளியான ஊர்களில் மேயர்கள் மீண்டும் வெல்வது குறைந்ததையும், உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் அந்த விளைவு கூடுதலாக இருந்ததையும் ஃபெராஸ், ஃபினான் ஆகியோர் 2008-ல் காட்டினார்கள். அதே ஆண்டு டெல்லி சட்டமன்றத் தேர்தலில் சதர்க் நாகரிக் சங்கதன் என்ற குடிமக்கள் அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே உறுப்பினர்களின் செயல்பாட்டைத் திரட்டியது. அவையில் என்ன பேசினார், குழுக்களில் எத்தனை முறை வந்தார், தொகுதி நிதியை எதற்குச் செலவிட்டார் என்பதெல்லாம் மதிப்பெண் அட்டைபோலச் செய்தித்தாளில் அச்சாகிக் குடிசைப் பகுதிகளுக்குப் போயின. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, ரோகிணி பாண்டே உள்ளிட்டோர் இதை ஆராய்ந்தனர். அட்டை போன வாக்குச்சாவடிகளில் வாக்குப்பதிவு சற்றுக் கூடியது, பணப் பட்டுவாடா குறைந்தது, நன்றாகச் செயல்பட்டவர்களுக்கு வாக்கு கூடியது என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆனால் எதிர்ச் சான்றுகளின் எடை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. மெக்சிகோவில் நகராட்சி ஊழல் பற்றிய துண்டறிக்கைகளை வீடு வீடாகக் கொடுத்தபோது பதவியில் இருந்த கட்சிக்கு வாக்கு குறைந்தது உண்மை. கூடவே எதிர்க்கட்சிக்கும் குறைந்தது, வாக்குப்பதிவும் சரிந்தது. எல்லோரும் ஒன்றுதான் என்ற சலிப்பில் மக்கள் வீட்டோடு இருந்துவிட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பெனின், பிரேசில், புர்கினா ஃபாசோ, மெக்சிகோ, உகாண்டா ஆகிய நாடுகளில் ஒரே திட்டத்தின் கீழ் ஒருங்கிணைத்து நடத்திய சோதனைகளின் முடிவுகள் 2019-ல் வெளியாயின. தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு வேட்பாளரின் செயல்பாடு பற்றித் தனித்தனி வாக்காளருக்குத் தகவல் தருவதால் சராசரியாக எந்த மாற்றமும் இல்லை என்பது அத்தொகுப்பின் முடிவு. இத்துறையில் இவ்வளவு கவனமாக முன்கூட்டித் திட்டமிட்ட சோதனைத் தொகுப்பு அரிது. ஆதலால் இதைப் புறக்கணிக்க முடியாது.

இந்தியாவில் மிலன் வைஷ்ணவின் ஆய்வு இன்னொரு கோணத்தில் இடிக்கிறது. வழக்குள்ளவர்கள் வெல்வது மக்களுக்குத் தெரியாததால் அன்று, பல இடங்களில் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அவருடைய 2017 நூலின் மையக் கருத்து. காவல் நிலையமும் தாலுகா அலுவலகமும் சாமானியனுக்கு வேலை செய்யாத ஊரில், அந்த வேலையை முடித்துக் கொடுக்கும் பலசாலி ஒருவர் தேவைப்படுகிறார். அவர்மீதுள்ள வழக்கு அவருடைய பலத்துக்கு அத்தாட்சி ஆகிவிடுகிறது. இது சரியென்றால் பிரமாணப் பத்திரத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டுவது எதிர்பார்த்ததற்கு நேர்மாறான பலனைத் தரவும் கூடும். நீதிமன்றங்கள் இன்னும் தகவலின் பாதையிலேயே நடக்கின்றன. வழக்குகளை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வேட்பாளர் விளம்பரப்படுத்த வேண்டும் என்று 2018 செப்டம்பரில் உத்தரவு வந்தது. அப்படிப்பட்டவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சி காரணம் சொல்ல வேண்டும், வெற்றிவாய்ப்பு மட்டும் காரணமாகாது என்று 2020 பிப்ரவரியில் இன்னோர் உத்தரவு வந்தது. அதற்குப் பின் வந்த 2024 மக்களவையின் நிலையை மேலே பார்த்தோம்.

என் கணிப்பில், இந்தத் தோல்விகள் தகவலின் தோல்வி என்பதைவிடத் தகவல் போய்ச் சேர்ந்த விதத்தின் தோல்வி. பிரமாணப் பத்திரத்துக்கான படிவம் 26-ஐ ஒரு முறையாவது பார்த்தவர்களுக்கு இது புரியும். பான் எண், ஐந்து ஆண்டு வருமானம், வாழ்க்கைத் துணையின் சொத்து, கூட்டுக் குடும்பச் சொத்து, சார்ந்திருப்போர் சொத்து, நகை, வாகனம், வேளாண் நிலம், வங்கிக் கடன், முதல் தகவல் அறிக்கை எண், சட்டப் பிரிவு எண் என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். நோட்டரி முத்திரையோடு ஸ்கேன் செய்து தேர்தல் ஆணையத் தளத்தில் ஏற்றியிருப்பார்கள். மனுத் தாக்கல் முடிந்து வாக்குப்பதிவு வரை இருப்பதோ ஏறக்குறைய மூன்று வாரம். அதைச் சுருக்கிக் கொடுப்பது ஏ.டி.ஆர். செய்யும் அரிய பணி. ஆனால் யார் சொல்கிறார், எப்போது சொல்கிறார், கேட்டவர் அடுத்து யாரோடு கலந்து பேச முடியும் என்பவை சுருக்கத்தில் வராது. மேற்சொன்ன சோதனைகளுக்குள்ளேயே இதற்குத் தடயம் உண்டு. தகவல் ஊர் முழுக்கப் பரவி, அது ஏன் தங்களுக்கு முக்கியம் என்ற விளக்கமும் கூடச் சேர்ந்த இடங்களில் விளைவு தெரிந்ததாகப் பெனின் ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். பிரேசிலில் வானொலி செய்த வேலையும் அதுவே: எனக்குத் தெரிந்தது அடுத்தவருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

வாசல் ஏறிப் போவோர்

தகவலை விட்டு, வாக்குச்சாவடிக்கு வரவைப்பதையே குறிக்கோளாகக் கொண்ட மரபு ஒன்றும் உண்டு. 1924-ல் சிகாகோவில் ஹெரால்டு காஸ்னெல், பதிவு செய்யாத வாக்காளர்களுக்கு அவரவர் மொழியில் அஞ்சலட்டை அனுப்பி விளைவை அளந்தார். ஏழு பத்தாண்டுகள் கழித்து 1998-ல் கெர்பரும் கிரீனும் நியூ ஹேவன் நகரில் அதை விரிவாகச் செய்தார்கள். நேரில் போய்ப் பேசினால் வாக்குப்பதிவு கணிசமாகக் கூடியது. அஞ்சல் சற்றே உதவியது. கூலிக்கு ஆள் வைத்துச் செய்த தொலைபேசி அழைப்பால் பயனே இல்லை. பிந்திய பல ஆய்வுகளிலும் முகம் பார்த்துப் பேசுவதே மேலோங்கி நின்றது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2008 தேர்தலுக்கு முன் பெண்களை வீட்டில் சந்தித்து வாக்களிப்பதன் பொருளை விளக்கியபோது, அவர்கள் மட்டுமல்லாமல் யாரும் வந்து பேசாத அண்டை வீட்டுப் பெண்களும் கூடுதலாக வாக்களித்தார்கள் என்று ஜினேயும் மன்சூரியும் கண்டனர்.

இம்மரபை இந்தியாவுக்கு அப்படியே கொண்டுவருவதில் ஒரு சிக்கல். அமெரிக்காவில் வாக்களிக்காமல் இருப்போர் பெரும்பாலும் ஏழைகள், குறைவாகப் படித்தவர்கள். இங்கே நிலைமை வேறு. 1990-கள் முதல் தலித்துகளும் ஏழைகளும் கிராமத்தாரும் நகர்ப்புற வசதியானவர்களுக்கு ஈடாகவோ அவர்களைவிடக் கூடுதலாகவோ வாக்களிக்கிறார்கள் என்பதை யோகேந்திர யாதவ் போன்றோர் தரவுகளோடு எழுதியிருக்கிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு சுமார் 73 சதவீதம், சென்னை மாவட்டத்தில் சுமார் 59. ஆகவே வாக்களிப்பீர் என்ற பொதுவான பிரசாரம் ஏழைக்குத் தேவையற்றது, வசதியானவருக்குச் சலிப்பூட்டுவது. தேர்தல் ஆணையம் 2009-ல் தொடங்கிய ஸ்வீப் என்னும் வாக்காளர் கல்வித் திட்டமும், 2011 முதல் ஜனவரி 25-ல் கொண்டாடும் தேசிய வாக்காளர் நாளும், கோலப் போட்டியும் மனிதச் சங்கிலியும் செய்கிற வேலை மதிப்புக்குரியதே. எனினும் எதற்காக வாக்களிக்கிறோம் என்ற கேள்விக்குள் அரசு அமைப்பு இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. அந்த இடம் குடிமக்கள் குழுக்களுக்கு உரியது.

நம் நாட்டில் வாசல் ஏறிப் போவதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது: வாக்காளர் பட்டியலில். புதிதாகச் சேர படிவம் 6, பெயர் நீக்க அல்லது ஆட்சேபிக்க படிவம் 7, வீடு மாறினால் அல்லது பிழை திருத்த படிவம் 8 என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. வாடகை வீடு மாறுபவர், கல்யாணமாகி வேறூர் போன பெண், பிழைப்புக்குத் திருப்பூர் போனவர், சாலையோரம் வசிப்பவர் ஆகியோரின் பெயர்தான் முதலில் காணாமல் போகிறது. 2025-ல் பீகாரில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. நீக்கியவர்களின் பெயரையும் காரணத்தையும் வெளியிட வேண்டும் என்று ஆகஸ்ட் 14-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட வழக்கில் ஏ.டி.ஆர். மனுதாரர்களில் ஒன்று. காரணம் சொல்லும் பட்டியல் கையில் இருந்தால்தான், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் போய் இவர் சாகவில்லை, இதோ இருக்கிறார் என்று ஒரு குழு வாதாட முடியும். இதில் நடுநிலை பற்றிய தத்துவச் சிக்கல் அதிகம் எழுவதில்லை. விட்டுப்போன பெயர் யாருக்கு வாக்களிக்கும் என்று பாராமல் எல்லாப் பெயரையும் சேர்ப்பதுதான் முழு வேலை.

பணமும் ஒழுக்கப் பாடமும்

தமிழ்நாட்டில் இக்கேள்வி பணத்தைத் தொடாமல் நகராது. 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தல், வாக்குக்குப் பணம் கொடுக்கும் ஒரு சூத்திரத்துக்கே பெயர் கொடுத்தது. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ரத்தானது. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலும் அதே காரணத்தால் ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது. இதற்கு எதிராகக் குடிமக்கள் குழுக்கள் கையாளும் வழக்கமான கருவி உறுதிமொழி: வாக்கை விற்க மாட்டேன் என்று கைநீட்டிச் சொல்ல வைப்பது.

இந்தக் கருவி வேலை செய்யவே செய்யாது என்று சொல்லிவிட முடியாது. 2014 பொதுத் தேர்தலின்போது இந்தியாவில், பணம் கொடுப்பவர் பிறகு அதை உங்களிடமிருந்தே எடுப்பார் என்று வானொலியில் பரப்பிய செய்தி, பணம் கொடுத்த கட்சிகளின் வாக்கைக் குறைத்ததாக ஷெக்டரும் வாசுதேவனும் காட்டியிருக்கிறார்கள். அந்தச் செய்தி வாங்குபவரைக் குற்றவாளி ஆக்கவில்லை, கொடுப்பவரின் நோக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தியது என்பது கவனிக்கத்தக்கது. நம் ஊரில் பெரும்பாலும் பாடம் தலைகீழாக நடக்கிறது. கோடிகளைப் பிரித்துக் கட்டும் ஏற்பாட்டைத் தொடாமல், ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்கும் கூலித் தொழிலாளியிடம் மானத்தைப் பற்றிப் பேசுகிறோம். வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பது உண்மை. ஆனால் எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு தான் நினைத்தவருக்கே போடுவதாகச் சொல்பவரும், யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை வேட்பாளரின் அக்கறைக்கு அளவுகோலாகக் கொள்பவரும் இருக்கும்போது, பணம் எப்படி வேலை செய்கிறது என்பதே ஆய்வாளர்களிடையே தீராத கேள்வி. தீராத கேள்வியின் மேல் தீர்ப்பு எழுதும் உறுதிமொழி, கேட்பவரை அவமதிக்கிறது. அவமதிப்பிலிருந்து கல்வி தொடங்காது.

பள்ளியான கடையும் பந்தலான தெருவும்

டூயி சொன்ன களத்தை உருவாக்கியவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது இங்கே பயன்படும். 1957 ஜனவரியில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவு என்ற இடத்தில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் வாக்காளராகப் பதியலாம் என்ற விதி கறுப்பின மக்களை விலக்கி வைத்திருந்த காலம். ஏசா ஜென்கின்ஸ் என்ற உள்ளூர்க்காரரின் கோரிக்கை, செப்டிமா கிளார்க்கின் திட்டம், ஹைலண்டர் நாட்டுப்புறப் பள்ளியின் உதவி ஆகியவை சேர்ந்து அது பிறந்தது. முன்பக்கம் கடை இருந்ததால் வெள்ளையர் கண்ணில் படாமல் வகுப்பு நடத்த முடிந்தது. ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன் தொழில்முறை ஆசிரியர் அல்லர், சிகையலங்காரம் செய்பவர். தெரிந்தேதான் அவரைத் தேர்ந்தார்கள். ஊராரைத் தாழ்வாகப் பார்க்காத ஒருவர் வேண்டும் என்பதே காரணம். என்ன கற்க ஆசை என்று முதலில் கேட்டார். தன் பெயரைத் தானே எழுத, பைபிள் படிக்க, மணியார்டர் படிவம் நிரப்ப என்று பதில்கள் வந்தன. பாடம் அதிலிருந்து தொடங்கி மாநில அரசமைப்பின் வாக்காளர் விதிகளில் போய் முடிந்தது. 1961-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இதை ஏற்றுத் தென் மாநிலங்கள் எங்கும் பரப்பியது. வகுப்பில் கற்றவர்களே அடுத்த ஊரில் ஆசிரியர்கள் ஆனார்கள்.

ராஜஸ்தானின் தேவ்டுங்ரி என்ற சிற்றூரிலிருந்து 1990-ல் இயங்கத் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் இதற்கு இணையான இந்திய எடுத்துக்காட்டு. அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் முன்னின்ற இச்சங்கம் தேர்தலிலிருந்து தொடங்கவில்லை. வறட்சி நிவாரண வேலையில் குறைந்தபட்சக் கூலி கிடைக்காத கேள்வியைக் கையிலெடுத்தது. 1994 டிசம்பரில் கோட்கிரானாவில் முதல் ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. பஞ்சாயத்தின் மஸ்டர் ரோலை, அதாவது கூலிப் பதிவேட்டை, ஊர் கூடிய இடத்தில் உரக்க வாசித்தார்கள். பெயர் படித்ததும் அந்த வேலைக்கு நான் போகவே இல்லை என்று ஒருவர் எழுந்து சொல்வார். அந்த ஆள் செத்து வெகு காலமாயிற்றே என்று இன்னொருவர் சொல்வார். கட்டாத கட்டடத்துக்குச் சிமெண்ட் ரசீது இருக்கும். அங்கே தகவல் தாளிலிருந்து இறங்கி ஊரார் அனைவரும் சாட்சியான உண்மையாக மாறியது. 1996-ல் பியாவரில் நடந்த நீண்ட தர்ணாவும் அதன் தொடர்ச்சியும் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போய் முடிந்தன. பிரமாணப் பத்திரமும் மஸ்டர் ரோலும் அரசு ஆவணங்களே. ஒன்று தனி வாக்காளரின் கைக்குத் தேர்தல் நெருக்கத்தில் போகிறது. மற்றொன்றைத் தமக்கே தெரிந்த விஷயத்தோடு ஒப்பிட்டு ஊரார் சேர்ந்து சரிபார்க்கிறார்கள், அடுத்து என்ன செய்வது என்பதையும் அங்கேயே முடிவு செய்கிறார்கள்.

இதை எதிர்த்து நியாயமான ஓர் ஆட்சேபணை எழும். இவை தேர்ந்த தலைமையும் பல்லாண்டு உழைப்பும் கூடிய அபூர்வ நிகழ்வுகள். குலுக்கல் முறைச் சோதனையின் கறாருக்கு முன் வெற்றிக் கதைகளை நிறுத்துவது சரியா? தோற்றுப்போன நூறு குழுக்களின் வரலாற்றை யாரும் எழுதவில்லையே? இந்த ஆட்சேபணையை முழுவதும் மறுக்க முடியாது. கூடிப் பேசுவது தானாகவே நன்மை தரும் என்றும் கொள்ள முடியாது. மாலி நாட்டில் ஜெசிக்கா காட்லீப் நடத்திய குடிமையியல் வகுப்பு, உள்ளாட்சியிடம் மக்களின் எதிர்பார்ப்பை உயர்த்தியது. ஆனால் அதே வகுப்பு பொதுவாழ்வில் ஆண், பெண் இடைவெளியை அதிகப்படுத்தியதாகவும் அவரே கண்டார். ஆண்களின் குரல் ஓங்கிய இடத்தில் பெண்கள் பின்வாங்கினார்கள். சாதி வரிசைப்படி உட்காரும் ஊரில் கூட்டம் போட்டால் கூட்டமும் அந்த வரிசையிலேயே நடக்கும். ஆகவே களம் போதும் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. களத்தை அளக்காமல் அட்டையை மட்டும் அளந்துவிட்டு வாக்காளர் கல்வி பயனற்றது என்று கூறுவது ஆதாரத்தைத் தாண்டிய முடிவு என்பதே சொல்ல முடிவது.

நடுநிலை கூடுமா

கட்சி சாராமை என்பதே பாசாங்கு என்ற குற்றச்சாட்டு பழையது. இந்திய அனுபவம் அதற்குத் தீனியும் போட்டிருக்கிறது. ஆந்திரத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் 1996-ல் தொடங்கிய லோக் சத்தா, வாக்காளர் பட்டியல் பிழைகளைத் தெருத் தெருவாகக் கணக்கெடுத்துப் பெயர் பெற்ற இயக்கம். 2006-ல் அது கட்சியானது. 2009 சட்டமன்றத் தேர்தலில் ஓர் இடம் பெற்றது. 2011-ன் ஊழல் எதிர்ப்பு இயக்கத்திலிருந்து 2012 நவம்பரில் ஆம் ஆத்மி கட்சி பிறந்தது. கட்சி தொடங்குவது யாருக்கும் உள்ள உரிமை. ஆனால் ஒவ்வொரு முறையும் எஞ்சியிருக்கும் குழுக்களின் வாசலில் சந்தேகம் ஒன்று கூடுதலாக வந்து நிற்கிறது.

நேர்மையாகவே விலகி நிற்கும் குழுவின் செயலும் தேர்தல் முடிவில் நடுநிலையாக இருக்கும் என்று உறுதியில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவு நாட்டில் 2006-ல் நடந்த வாக்கு வணிக எதிர்ப்புப் பிரசாரத்தைப் பெட்ரோ விசென்டே ஆராய்ந்தார். பிரசாரம் பணத்தின் செல்வாக்கைக் குறைத்தது. கூடவே வாக்குப்பதிவு சற்றுக் குறைந்தது, ஆட்சியிலிருந்தவருக்கு வாக்கு கூடியது. எதிர்த்து நின்றவருக்குப் பணம் ஒரு நுழைவாயிலாக இருந்திருக்கிறது. யார் பக்கமும் சாயாத செயல் ஒரு பக்கத்துக்குச் சாதகமாய் முடியலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

ஆகவே நடுநிலையை விளைவில் தேடக்கூடாது, முறையில் தேட வேண்டும். எல்லாக் கட்சிகளிடமிருந்தும் ஒரே தூரத்தில் நிற்பது முடியாத காரியம். எல்லோர் மீதும் ஒரே அளவுகோலை வைப்பது முடியும், மற்றவர் அதைச் சரிபார்க்கவும் முடியும். ஏ.டி.ஆரின் அட்டவணைகள் எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே பத்தியைத்தான் ஒதுக்குகின்றன. தேர்தல் பத்திரங்கள் வழக்கில் 2024 பிப்ரவரி 15-ல் வந்த தீர்ப்பும், அந்தப் பத்திரங்கள் வழியே கட்சிகள் பெற்ற நிதியைக் கட்சி பாராமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதே அரசியல்தானே என்று கேட்கலாம். ஆம். வழக்குகளை எண்ணும் குழு ஒன்றை முக்கியமாக்குகிறது. சாதிக் கொடுமையைத் தட்டிக் கேட்டாரா என்று எண்ணும் குழு இன்னொன்றை முக்கியமாக்கும். இதற்கு மாற்று, அளவுகோலை மறைக்காமல் முன்கூட்டி அறிவிப்பதும், அதை யார் தேர்ந்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொதுவில் வைப்பதும்தான். கட்சிகளிடம் வெளிப்படைத்தன்மை கேட்கும் குழுக்களில் எத்தனை தம் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன என்பது கேட்க வேண்டிய கேள்வி. அரசும் இதில் சுத்தமான கையோடு வரவில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் அரசியல் தன்மையுள்ள அமைப்பு என்ற முத்திரையை எவ்வளவு தாராளமாகக் குத்தலாம் என்பதற்கு 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்ட வேண்டியிருந்தது.

இன்னும் தீராதவை

இதுவரை திரண்ட சான்றுகளிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியோடு கூறலாம். தேர்தல் வாரத்தில் தனியாளுக்குத் தரும் தகவல் சராசரியாகச் சிறிதளவே உதவும், சில இடங்களில் சலிப்பை வளர்க்கும். அறிந்தவர் நேரில் வந்து பேசுவது அச்சடித்த தாளைவிட வலியது. பட்டியலில் பெயர் சேர்ப்பது போன்ற, செய்தால் முடியும் காரியத்தோடு இணைந்த கல்வி நிலைக்கிறது. பணத்தைப் பற்றிய செய்தி வாங்குபவரை இகழாதபோது கூடுதலாகக் கேட்கப்படுகிறது என்பதற்குக் குறிகள் உள்ளன, முடிவான சான்று இல்லை.

தேர்தல்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றிய அறிவு இவற்றைவிட மெலிந்தது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் பகுதி சபைகளும் 2022 முதல் ஏட்டில் இருக்கின்றன. ஊராட்சியின் வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேட்க இத்தனை சட்டபூர்வ வாய்ப்புகள் இருந்தும், அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய ஊரில் சட்டமன்றத் தேர்தலின் வாக்கு வேறு விதமாக விழுகிறதா என்பதை முறையாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கற்ற பழக்கம் உள்ளாட்சியிலிருந்து மேலே ஏறுமா, இல்லை கட்சி விசுவாசம் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுமா? கூட்டத்தில் பெண்களும் தலித்துகளும் பேசும் நிலையை எந்த ஏற்பாடு உண்டாக்குகிறது, எது உள்ள வரிசையை உறுதிப்படுத்துகிறது? குழுவைத் தொடங்கியவர் விலகிய பின்னும் ஊர் கணக்குக் கேட்குமா? பதினைந்து நாள் சோதனையால் இவற்றுக்கு விடை காண முடியாது. ஓர் ஊரைப் பத்தாண்டு தொடர வேண்டும்.

இதற்கிடையில் களமே சுருங்கும் ஆபத்தும் இருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தீர்மானம் போட்டால் அதை நிறைவேற்றக் கடமைப்பட்ட, அடுத்த முறை வாக்குக் கேட்டு வர வேண்டிய தலைவர் எதிரே இல்லாதபோது, கிராம சபையில் கேள்வி கேட்கக் கற்றவர்கள் யாரிடம் கேட்பார்கள், எத்தனை கூட்டம் வரை வருவார்கள் என்பது வாக்காளர் கல்வியை ஆராய்பவர்கள் உடனே கையிலெடுக்க வேண்டிய கேள்வி.